நீதி எழுதாத பையன்

அன்புள்ள ஐயாவுக்கு,

நீடாமங்கலம் பக்கத்தில் ஓர் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் நான்கு, ஐந்தாம் வகுப்புகளுக்குப் பாடம் எடுக்கிறேன். போன வாரம் மனுநீதிச் சோழன் கதையைப் படித்துக் காட்டி, அதைப் பற்றி உங்கள் கருத்தை எழுதுங்கள் என்றேன். மாதிரிக்கு ஒரு பத்தி போர்டில் எழுதியும் போட்டேன். எல்லோரும் அச்சு அசலாக, "கதை மிகவும் நன்றாக இருந்தது. நாமும் நீதி தவறாமல் நடக்க வேண்டும்" என்றே எழுதியிருந்தார்கள். ஒரு பையன் மட்டும் சம்பந்தமே இல்லாமல், "கன்னு செத்துட்டா மாடு பால் கறக்க விடாது. வைக்கல் கன்னு செஞ்சு வைக்கணும்" என்று எழுதியிருந்தான். பிழையும் அதிகம். செல்போன் வந்த பிறகு பிள்ளைகளுக்குச் சிந்தனையே இல்லாமல் போய்விட்டது. கருத்து எழுதப் பழக்குவதற்குப் படிவம் ஏதாவது உண்டா? எத்தனை வரி எழுதச் சொல்லலாம்? மதிப்பெண் எப்படிப் போடுவது?

ஓர் ஆசிரியை

அன்புள்ள டீச்சர்,

செல்போனை விடுங்கள். அது இல்லாத காலத்திலும் பிள்ளைகள் இதைத்தான் எழுதினார்கள். எத்தனை வரி என்பதும் பெரிய விஷயமில்லை, ஒரு வரி போதும். அந்த ஒரு வரி உங்கள் கைக்கு வந்திருக்கிறது. அதைப் போய்ச் சம்பந்தமில்லாதது என்கிறீர்களே! படித்ததும் கோபம்தான் வந்தது.

அந்தப் பையன் வீட்டில் மாடு இருக்கும், இல்லாவிட்டால் பக்கத்து வீட்டில் இருக்கும். கன்று செத்த மாடு என்ன பாடு படும் என்று பார்த்திருக்கிறான். மடியில் கை வைத்தால் உதைக்கும், பாலை அடக்கிக்கொள்ளும். செத்த கன்றின் தோலில் வைக்கோலைத் திணித்து, நாலு குச்சியைக் காலாக வைத்துத் தைத்து, மாட்டின் முகத்துக்கு நேரே நிறுத்துவார்கள். மாடு அதை நக்கும். நக்க நக்கத்தான் பால் இறங்கும். ராஜா, இளவரசன், தேர், ஆராய்ச்சி மணி என்று அத்தனையும் கேட்ட பிறகும் அவனுக்கு அந்த மாட்டை விட்டுவர மனசில்லை. ஒரு கதையை இதைவிட நெருங்கி எப்படிக் கேட்பது? மற்றப் பிள்ளைகள் எழுதியது உங்கள் கருத்து. போர்டில் இருந்ததை நோட்டில் இறக்கி வைத்திருக்கிறார்கள். வகுப்பிலேயே தன் கருத்தை எழுதியவன் இவன் ஒருத்தன்தான்.

சிலப்பதிகாரத்தில் கண்ணகி பாண்டியன் சபையில் இந்தக் கதையைச் சொல்கிறாள். பூம்புகார்ப் பெண், நம் பக்கத்துப் பெண். தன் ஊரின் பெருமையைச் சொல்ல வந்தவள், வாசல் மணியின் நாக்கு நடுங்கியதைச் சொல்கிறாள். மாட்டின் கடைக்கண்ணில் வழிந்த நீர் அரசனின் நெஞ்சைச் சுட்டதைச் சொல்கிறாள். மகன் தேர்க்காலில் மடிந்தது அதற்கப்புறம்தான் வருகிறது. உங்கள் பையனும் அதே மாட்டின் பக்கத்தில்தான் போய் நிற்கிறான். பெரியபுராணத்தில், இளவரசன் மேல் தேரை ஓட்டச் சொன்னதும் ஓர் அமைச்சர் ஓட்ட மனமில்லாமல் தன் உயிரையே விடுகிறார். நாளைக்கு ஒரு பெண் குழந்தை, "அந்த மந்திரி பாவம்" என்று எழுதினால் அதற்கும் சிவப்பு மை வைப்பீர்களா?

எனக்கு இந்தக் கதையோடு ஒரு பழைய கணக்கு இருக்கிறது. நான் திருவாரூர்க்காரன். சின்ன வயதில் பங்குனித் தேரை மாமாவின் தோளில் உட்கார்ந்து பார்த்தேன். அலங்காரத்தோடு 96 அடி உயரம். தெற்கு வீதிக்குத் திரும்பும் இடத்தில், அவ்வளவு பெரிய தேரின் சக்கரத்துக்கு முன்னால் ஆட்கள் முட்டுக்கட்டையைச் செருகிவிட்டு விலகுவார்கள். கட்டை முனகும், தேர் ஒரு குலுங்கு குலுங்கி நிற்கும். எனக்குத் தொண்டை அடைத்துப்போனது. சில நாளிலேயே வகுப்பில் இந்தக் கதை வந்தது. எழுந்து, "முட்டுக்கட்டை போட்டிருந்தா கன்னுக்குட்டி பொழச்சிருக்குமே சார்?" என்று கேட்டேன். மண்டையில் ஒரு குட்டு விழுந்தது. "அதிகப்பிரசங்கி, நீதியை எழுதுடா." எழுதினேன். பத்துக்குப் பத்து.

அந்தப் பத்து மதிப்பெண் செய்த கேடு கொஞ்சநஞ்சமில்லை. அதற்கப்புறம் எந்தக் கதையைக் கேட்டாலும் கடைசியில் வரப்போகும் நீதிக்குத்தான் காத்திருந்தேன். நடுவில் என்ன நடந்தாலும் காதில் ஏறவில்லை. இப்படி வளர்ந்தவர்கள்தான் பெரியவர்களாகி, முந்நூறு பக்க நாவலைப் படித்துவிட்டு, "சமுதாயத்துக்குத் தேவையான நல்ல கருத்துள்ள நூல்" என்று மேடையில் பேசிவிட்டு உட்கார்கிறார்கள். நாவலில் மழை பெய்ததா, யாராவது அழுதார்களா, ஒன்றும் நினைவில் இருக்காது. கதை முடிந்ததும் "இதிலிருந்து நாம் என்ன தெரிந்துகொண்டோம்?" என்று கேட்கும் வழக்கத்தைத் தயவுசெய்து விட்டுவிடுங்கள். தெரிந்துகொண்டது இருந்தால் அது பிள்ளையிடம் பத்திரமாக இருக்கும். உடனே வாங்கி நோட்டில் வைக்க வேண்டிய அவசரம் நமக்கு எதற்கு?

சரி, படிவம் கேட்டீர்கள். என்னிடம் இல்லை, இருந்தாலும் தரமாட்டேன். முதலில் போர்டைத் துடையுங்கள். ஒன்பது வயசுப் பிள்ளைக்கு எழுத்துக் கூட்டுவதிலேயே பாதி கவனம் போய்விடும், வாயால் பத்து வாக்கியம் சொல்கிற பிள்ளை கையால் ஒன்றுதான் எழுதும். அதனால் முதலில் பேசவிடுங்கள். "ஏன் பிடித்தது?" என்று கேட்டால் திருதிருவென்று முழிப்பார்கள். "எந்த இடம்?" என்று கேளுங்கள், சட்டென்று சொல்வார்கள். அந்த இடத்தை இன்னொரு தடவை வாசித்துக் காட்டுங்கள். அப்புறம் அவர்கள் வாயில் வந்ததையே எழுதச் சொல்லுங்கள். கன்னு என்று எழுதினால் கன்னு என்றே இருக்கட்டும். கன்று என்று திருத்துவதற்கு மறுநாள் இருக்கிறது. பிடிக்கவில்லை என்று எழுதினாலும் முகம் சுளிக்காதீர்கள். அரசுப் பள்ளிகளுக்கான வாசிப்பு இயக்கத்தின் சின்னப் புத்தகங்கள், பிள்ளைகளின் வாசிப்புத் திறனுக்கேற்ப நுழை, நட, ஓடு, பற என்று பிரித்து வந்தனவே, உங்கள் பள்ளிக்கும் வந்திருக்கும். ஒரு வகுப்புக்குள் படித்து முடித்துவிடலாம், அவற்றில் தொடங்குங்கள்.

நோட்டைத் திருப்பித் தரும்போது மதிப்பெண்ணுக்குப் பதிலாக ஒரு கேள்வி எழுதிக் கொடுங்கள். உங்களுக்கே விடை தெரியாத கேள்வியாக இருக்கட்டும். வைக்கோல் கன்றுக்குக் கண் எப்படி வைப்பார்கள் என்று கேளுங்கள், அவன் ஒரு பக்கம் எழுதுவான். தேர்வை நினைத்துப் பயப்பட என்ன இருக்கிறது? ஐந்தாம் வகுப்புக்குப் பொதுத்தேர்வு என்று 2019இல் அறிவித்ததைக்கூட 2020 பிப்ரவரியில் அரசே ரத்து செய்துவிட்டது. இந்த வயதில் யாரும் உங்களிடம் கேட்காத மதிப்பெண்ணை நீங்களாக ஏன் போட வேண்டும்?

அன்புடன்.