சிங்கப்பூரிலிருந்து வரும் 'லேசர்' மெஷின்: வாங்கலாமா?

கேள்வி: தேவகோட்டையிலிருந்து எழுதுகிறேன். வயது 23. இன்னும் ஏழு வாரத்தில் கல்யாணம். வீட்டிலேயே முடி நீக்கும் லேசர் மெஷினை வாங்கி வருவதாகச் சிங்கப்பூர் சித்தி சொல்கிறார். நம் காசில் 22,000 ரூபாய். பணம் நான்தான் கொடுக்க வேண்டும். இப்போது பார்லரில் கை, கால் வாக்ஸிங்குக்கு மாதம் 900 ரூபாய் ஆகிறது. எனக்கு மாநிறம். ஒரு வருஷமாகத் தாடையிலும் தடித்த முடி வருகிறது. கஸ்தூரி மஞ்சளே போதும் என்கிறார்கள் ஆச்சி. வாங்கலாமா?

பதில்: கல்யாணத்துக்காக என்றால் சித்தியை இப்போதே தடுத்துவிடுங்கள். லேசர் என்று சொல்லி வீட்டுக்கு விற்பவற்றில் பெரும்பாலானவை ஐ.பி.எல். என்ற ஒளி வீச்சு மெஷின்கள். முடியிலுள்ள கறுப்பு நிறமி அந்த ஒளியை உறிஞ்சிச் சூடாகும். அந்தச் சூடு வேரைப் பாதிக்கும். வளர்ந்துகொண்டிருக்கும் முடியிடம்தான் இது பலிக்கும், உறங்கும் முடி தப்பித்துவிடும். அதனால்தான் இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை என்று இரண்டு மூன்று மாதம் விடாமல் செய்யச் சொல்கிறார்கள். பிறகும் அவ்வப்போது தொடர வேண்டும். அந்த நாட்களில் வாக்ஸிங் கூடாது. வேரோடு பிடுங்கிவிட்டால் ஒளியைப் பிடிக்க அங்கே முடியே இருக்காது. ஷேவ் செய்யலாம், அதனால் முடி அடர்த்தியாகாது, வெட்டிய நுனி மொட்டையாக இருப்பதால் அப்படித் தோன்றுகிறது.

தோலிலும் அதே நிறமி இருப்பதுதான் சிக்கல். மாநிறத்துக்குப் பல மெஷின்கள் சரிப்படும், நல்ல கறுப்புக்குச் சுட்டுவிடும். பெட்டியில் இருக்கும் நிற அட்டையை முகத்தோடு ஒப்பிடாதீர்கள், மதிய வெயிலில் வண்டி ஓட்டிக் கறுத்த முன்கையோடு ஒப்பிடுங்கள்.

மூன்று லட்சம் ஃபிளாஷ், அதாவது அத்தனை தடவை ஒளி வெட்டும் என்று விளம்பரம் செய்வார்கள். தடவைக்கு முந்நூறு ஃபிளாஷ் போனால்கூட அது தீர ஆயிரம் தடவை ஆகும். அதற்காக அதிக விலை கொடுக்காதீர்கள். 'நிரந்தர நீக்கம்' என்பதையும் நம்ப வேண்டாம். அமெரிக்காவில் மருந்து, மருத்துவக் கருவிகளுக்கு அனுமதி தரும் எஃப்.டி.ஏ. அமைப்பு லேசருக்கே 'நிரந்தரக் குறைப்பு' என்றுதான் சொல்ல விடுகிறது.

கணக்குப் பார்த்தால் உங்கள் வாக்ஸிங் செலவு வருஷத்துக்கு 10,800. மெஷின் விலை தேற இரண்டு வருஷம். ஆறாம் மாதமே அதை இரண்டாம்கட்டு அலமாரியில் வைத்துப் பூட்டிவிடும் ஆள் என்றால் நஷ்டம்தான்.

தாடை விஷயம் வேறு. புதிதாகத் தடித்த முடி வருவது பி.சி.ஓ.எஸ். போன்ற ஹார்மோன் கோளாறாக இருக்கலாம். மாதவிடாயும் தள்ளிப்போகிறதென்றால் கட்டாயம் டாக்டரைப் பாருங்கள். நம் போன்ற தோலில், முகத்தில் இந்த ஒளி பட்டு முடி கூடிப்போவதும் உண்டு. அங்கே மெஷினே வேண்டாம்.

கல்யாணத்துக்கு பார்லரே போதும். சொந்தமாக ஏதாவது வேண்டுமென்றால் எபிலேட்டர் என்ற முடி பிடுங்கும் சின்ன மெஷின் மிக மலிவு. வேரோடு பிடுங்குவதால் மூன்று நான்கு வாரம் தாங்கும். வலிக்கும், முதல் தடவை சிவந்து பொரியும், ஆகவே முகூர்த்தத்துக்குப் பத்து நாள் முன்பே ஒத்திகை பாருங்கள். மஞ்சள் பூசிக்கொள்ளுங்கள், ஆச்சிக்கும் சந்தோஷம். ஆனால் முளைத்த முடியை அது உதிர்க்காது.

கல்யாணம் முடிந்தும் ஆசை இருந்தால் இங்கேயே பில்லோடு வாங்குங்கள். தகராறு வந்தால் நுகர்வோர் உதவி எண் 1915 இருக்கிறது. சித்தியேதான் வாங்க வேண்டுமென்றால் மின்சாரம் பிரச்சினை இல்லை, அங்கும் 230 வோல்ட்தான், பிளக்குக்கு மட்டும் அடாப்டர் வேண்டும். அந்த மாடலுக்கு இந்தியாவில் வாரன்ட்டி உண்டா என்று மட்டும் கடையில் கேட்கச் சொல்லுங்கள்.