ராக் குழுவின் பாடல் பதிவு முடிந்த பிறகும் ஆல்பம் வெளிவர மாதக்கணக்கில் ஆவது ஏன்? மாஸ்டரிங் என்றால் என்ன?
பல நாட்களில் தனித்தனியாக உருவான பாடல்களை ஒரே ஆல்பமாக ஒலிக்கச் செய்யும் இறுதிச் செப்பனிடலே மாஸ்டரிங். இதற்கு முந்தைய கட்டமான மிக்ஸிங்கில், டிரம்ஸ், பேஸ், கிட்டார், குரல் ஆகியவற்றின் அளவு ஒவ்வொரு பாடலுக்குள்ளும் முடிவாகிறது.

பீட்டில்ஸ் குழு தன் முதல் ஆல்பத்திற்கான பத்துப் பாடல்களை 1963 பிப்ரவரி 11 அன்று, லண்டனில் ஒரே நாளில் பதிவு செய்தது. அன்று ஒலிநாடாவில் இருந்தவை இரண்டே தடங்கள், அதாவது ஒலிகளைத் தனித்தனியே பதியும் வரிசைகள். எல்லோரும் சேர்ந்தே வாசித்தார்கள். தடங்கள் பெருகி, ஒவ்வொரு கருவியையும் வெவ்வேறு நாளில் பதிய முடிந்தபோது, பிறகு எடுக்க வேண்டிய முடிவுகளும் பெருகின. தாமதத்தின் முக்கியக் காரணம் இதுவே என்பது என் கருத்து.

மயிலாப்பூர்க் கல்யாணப் பந்தியை எண்ணிப் பாருங்கள். சாம்பாரில் புளியும் காரமும் பொருந்துவது மிக்ஸிங். சாம்பார், ரசம், பாயசம் என்ற வரிசையில் ஒன்றின் சுவை அடுத்ததைக் கெடுக்காமல், இலை முழுவதும் ஒரே கைப்பக்குவமாகத் தோன்றுவது மாஸ்டரிங்.

இசைத்தட்டாக வெளியிட்டால் வேலை இன்னும் கூடும். ஒரு பக்கத்தில் சுமார் 20 நிமிடங்களே நன்றாக அடங்கும், ஆழ்ந்த பேஸ் ஒலிக்கோ ஊசி ஓடும் பள்ளம் அகலமாக வேண்டும் என்பதால், அதற்கெனத் தனி மாஸ்டர், அதாவது பிரதிகளுக்கு மூலமான இறுதிப் பதிவு, தயாரிப்பது வழக்கம்.

மாஸ்டரிங் என்பது ஒலியைக் கூட்டுவது மட்டுமே எனப் பலர் நினைக்கிறார்கள்; ஆனால் அளவுமீறி உரக்க வைத்தால் மெல்லிய இடத்துக்கும் முழங்கும் இடத்துக்கும் உள்ள வேறுபாடே அழிந்துவிடும்.