பாலாற்றுக் குரோமியம்: வேதியியலா, சமூகவியலா?

வாணியம்பாடிப் பக்கத்து டேனரிகளின் (தோல் பதனிடும் ஆலைகளின்) குரோமியக் கழிவும் கிணற்று நீரும்தான் உங்கள் முனைவர் பட்டத் தலைப்பு. ஆய்வகமா, களப்பேட்டியா, இரண்டுமா என்று கேட்டிருந்தீர்கள். இரண்டும் சரிபாதி என்றால் ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால்தான். (பாலாற்றில் தண்ணீர் எங்கே என்கிறீர்களா, அதுவும் சரி.) நீங்கள் எம்எஸ்சி வேதியியல் என்பதால் நீரையே முதன்மையாக வையுங்கள்.

ஒரு விஷயத்தில் நான் சறுக்கினேன். நீர் மாதிரி எடுத்த எல்லா பாட்டிலிலும் நைட்ரிக் அமிலம் விட்டு எடுத்துவந்தேன். மொத்தக் குரோமியத்துக்கு அதுதான் முறை. ஆனால் குரோமியத்தில் இரண்டு வடிவம் உண்டு; அமிலத்தில் ஆறிணைதிற குரோமியம் (Cr VI) மூவிணைதிற குரோமியமாக (Cr III) மாறிவிடும். நச்சு அதிகம் உள்ளதே காணாமல் போகும். அதற்குத் தனி பாட்டில், அமிலம் வேண்டாம், ஐஸ் பெட்டியில் வைத்து 24 மணி நேரத்துக்குள் சோதியுங்கள். குடிநீரில் மொத்தக் குரோமியத்துக்கு இந்தியத் தரநிலை லிட்டருக்கு 0.05 மில்லிகிராம், ஒப்பிட அது போதும்.

பேட்டிக்குப் பத்துப் பதினைந்து வீடுகள் போதும், நெறிமுறைக் குழு அனுமதி வாங்கிவிட்டு. "கிணறு கெட்டுப்போச்சா?" என்று கேட்டால் "ஆமாம்" என்றுதான் வரும். "இந்தத் தண்ணியைக் கடைசியா எப்போ குடிச்சீங்க?" என்று கேளுங்கள். அந்த வீட்டுப் பையனே டேனரியில் வேலை பார்க்கலாம், அவனிடம் தனியாகப் பேசுங்கள்.

அப்புறம் 1996 உச்ச நீதிமன்றத் தீர்ப்பை, டேனரிக் கழிவு பற்றிய வேலூர் குடிமக்கள் நல மன்ற வழக்கை, முதலில் படியுங்கள். மாசுபடுத்தியவரே ஈடு செய்ய வேண்டும் என்ற கொள்கையை அதில்தான் நம் ஊரை வைத்து விளக்கியிருக்கிறார்கள். முன்னுரைக்கு அது போதும்.