அமெரிக்க அதிபரின் அமைச்சரவையில் யார் யார் இருப்பார்கள்? நம்ம ஊர் அமைச்சரவை மாதிரிதானா?

தக்கலை சாயாக்கடையில் டிவி ஓடிக்கொண்டிருந்தது. அமெரிக்க வெளியுறவுத் துறைத் தலைவர் மார்கோ ரூபியோ பேசுவதைப் பார்த்துவிட்டு சித்தப்பா கேட்டார்: "இவரு எந்தத் தொகுதி எம்.பி., மக்களே?"

தொகுதியே கிடையாது என்றேன். அவர் நம்பவில்லை.

அவர் பழக்கம் அப்படி. 2014இல் இங்கே ஜெயித்த பொன். ராதாகிருஷ்ணன் எம்.பி.யாக இருந்துகொண்டேதான் மத்திய இணை அமைச்சர் ஆனார். நம் நாட்டில் எம்.பி. அல்லாதவர் மந்திரியானால் 6 மாதத்துக்குள் ஏதாவது ஓர் அவைக்குள் வந்தாக வேண்டும். அமெரிக்காவில் நேர் எதிர்: காங்கிரஸ் (அந்நாட்டு நாடாளுமன்றம்) உறுப்பினர் மந்திரியாக இருக்கக்கூடாது என்று அரசியல் சாசனமே தடுக்கிறது. ரூபியோ புளோரிடா செனட்டராக, அதாவது அங்குள்ள மேலவையான செனட்டின் உறுப்பினராக இருந்தவர். 2025 ஜனவரியில் அந்தப் பதவியை விட்டுவிட்டுத்தான் வெளியுறவுத் துறைக்குப் போனார்.

"அப்போ இடைத்தேர்தல் வந்திருக்குமே?" 1969இல் காமராஜரையே நாகர்கோவில் இடைத்தேர்தலில் ஜெயிக்க வைத்த ஊர்க்காரர், வேறென்ன கேட்பார்? உடனே வரவில்லை, கவர்னர் ஒருவரை நியமித்தார் என்றதும் முகம் சுளித்தார். அங்கே கவர்னர் என்றால் மக்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுப்பவர், நம்ம முதல்வர் மாதிரி என்று விளக்க இன்னொரு சாயா செலவானது.

ஆட்கள் கணக்கு எளிது. துணை அதிபர், 15 துறைத் தலைவர்கள். அதுபோக அதிபர் விரும்பினால் வேறு சில பதவிகளுக்கும் அமைச்சரவை அந்தஸ்து தருவார். துறைத் தலைவரை அங்கே 'செயலாளர்' என்பார்கள். நம்மூர் ஐ.ஏ.எஸ். செயலாளரோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். நீதித்துறைத் தலைவர் மட்டும் அட்டர்னி ஜெனரல். ஒருவர் பெயரை அதிபர் சொன்னால் மட்டும் போதாது, செனட் பெரும்பான்மையும் சம்மதிக்க வேண்டும். 1989இல் பாதுகாப்புத் துறைக்கு ஜான் டவர் பெயர் வந்தபோது செனட் தோற்கடித்துவிட்டது.

வேலை? அவரவர் துறையை நடத்துவது, கேட்டால் ஆலோசனை சொல்வது. துறைத் தலைவர்களிடம் அதிபர் எழுத்தில் கருத்துக் கேட்கலாம் என்பதுதான் மூலச் சாசனத்தில் உள்ளது. முதல் அதிபர் வாஷிங்டன் நான்கு பேரைக் கூட்டி வைத்துப் பேசியது வழக்கமாகிவிட்டது. நம்மிடம் உள்ள கூட்டுப் பொறுப்பு (அமைச்சரவை முடிவுக்கு எல்லா மந்திரிகளும் சேர்ந்து பொறுப்பு) அங்கே இல்லை. அத்தனை பேரும் வேண்டாம் என்றாலும் அதிபர் செய்யலாம்.

ஒரே ஓர் இடத்தில்தான் அவர்கள் கைக்கு வலு. அதிபரால் பணியாற்ற இயலவில்லை என்று துணை அதிபரும் பெரும்பான்மைத் துறைத் தலைவர்களும் எழுதிக் கொடுத்தால், துணை அதிபர் பொறுப்பேற்பார்.

"எட்டுப் பேரு கையெழுத்துப் போட்டா ஆளைத் தூக்கிரலாம், கேட்டியா!" என்று பக்கத்திலிருந்தவரிடம் சித்தப்பா உற்சாகமாகிவிட்டார்.

அவ்வளவு சுலபமில்லை. அதிபர் மறுத்து, அவர்களும் விடாமல் நின்றால், இரு அவைகளிலும் மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு வேண்டும். 1967இல் வந்த 25ஆவது திருத்தம் அது. இந்தப் பிரிவை இதுவரை யாரும் பயன்படுத்தியதில்லை.