அமெரிக்கப் பள்ளியில் ஐ.இ.பி.: பெற்றோர் கேட்டவையும் என் பதில்களும்

இங்கே பொதுப் பள்ளியில் சிறப்புக் கல்வி ஆசிரியராக இருக்கிறேன். தமிழ்ப் பெற்றோர் அனுப்பியவற்றில் திரும்பத் திரும்ப வரும் கேள்விகளை எடுத்துக்கொண்டேன். ஐ.இ.பி. என்பது சிறப்புக் கல்வி தேவைப்படும் பிள்ளைக்கென்று பள்ளி எழுதும் தனிக் கல்வித் திட்டம். எல்லாவற்றுக்கும் அடிப்படை ஐ.டி.இ.ஏ. என்ற, குறைபாடுள்ள பிள்ளைகளின் கல்விக்கான மத்தியச் சட்டம். மாநிலத்துக்கு மாநிலம் கொஞ்சம் மாறும்.

பையன் இரண்டாம் வகுப்பு. வாசிக்கத் திணறுகிறான். டீச்சரிடம் பலமுறை சொல்லிவிட்டேன், "பார்க்கலாம்" என்கிறார். என்ன செய்வது மேடம்?

வாயால் சொன்னதற்கு ஆதாரம் இருக்காது, எழுத்தில் கேளுங்கள். பிள்ளைக்குச் சிறப்புக் கல்வி தேவையா என்று பள்ளி சோதித்துப் பார்ப்பதுதான் இவாலுவேஷன். பிரின்சிபாலுக்கும் ஸ்கூல் டிஸ்ட்ரிக்ட்டின் சிறப்புக் கல்விப் பிரிவுக்கும் தேதி போட்டு ஒரு ஈமெயில். "என் மகனுக்குக் கற்றல் குறைபாடு இருக்கலாம் என்று நினைக்கிறேன். ஐ.டி.இ.ஏ. சட்டப்படி முழு இவாலுவேஷன் செய்யக் கோருகிறேன்." இவ்வளவுதான், இதை ஆங்கிலத்தில் எழுதினால் போதும். இதற்குக் கட்டணம் கிடையாது.

பள்ளி சம்மதப் படிவம் அனுப்பும். இவாலுவேஷன் செய்யப் பள்ளி மறுத்தால் காரணத்தை எழுத்தில் தர வேண்டும். நீங்கள் படிவத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த நாளிலிருந்துதான் இவாலுவேஷனை முடிக்கும் கெடு ஓடும். பொதுவாக 60 நாள். டெக்சஸில் 45 பள்ளி நாள். படிவத்தை மேசையில் போட்டு வைத்தால் நஷ்டம் நமக்குத்தான்.

"முதலில் எக்ஸ்ட்ரா வாசிப்புப் பயிற்சி முடியட்டும்" என்று இழுப்பார்கள். பயிற்சி நடக்கட்டும், நல்லதுதான். ஆனால் அதைக் காட்டி இவாலுவேஷனைத் தள்ளிப்போடக் கூடாது என்று மத்தியக் கல்வித் துறை 2011லேயே மாநிலங்களுக்கு எழுதிவிட்டது.

டாக்டர் ஆட்டிசம் என்று எழுதிக் கொடுத்தும் ஸ்கூல் "தகுதியில்லை" என்கிறதே?

டாக்டர் பார்ப்பது வேறு, பள்ளி பார்ப்பது வேறு. சட்டத்தில் உள்ள 13 வகைகளில் ஒன்றில் பிள்ளை வர வேண்டும். அதனால் படிப்பு பாதிக்கப்பட்டு, தனிப்பட்ட முறையில் கற்பிக்கும் தேவையும் இருக்க வேண்டும். டாக்டர் ரிப்போர்ட்டை அவர்கள் பரிசீலித்தாக வேண்டும், அப்படியே ஏற்க வேண்டியதில்லை.

பள்ளி செய்த இவாலுவேஷன் சரியில்லை என்று தோன்றினால், பள்ளிச் செலவில் வெளி நிபுணரின் இவாலுவேஷன் கேட்கலாம். பள்ளி அந்தச் செலவை ஏற்க வேண்டும், இல்லையென்றால் தான் செய்ததே சரி என்று விசாரணைக்குப் போக வேண்டும். பல பெற்றோருக்கு இப்படி ஒரு உரிமை இருப்பதே தெரியாது. ஐ.இ.பி. கிடைக்காத பிள்ளைக்குக் கூடுதல் தேர்வு நேரம் போன்ற வசதிகள் 504 பிளான் என்ற வேறொரு சட்டப்படியான திட்டத்தில் கிடைக்கலாம், அதையும் கேட்டுப் பாருங்கள்.

வீட்டில் தமிழ் பேசுவதால்தான் பேச்சு தாமதம், ஆங்கிலம் மட்டும் பேசுங்கள் என்கிறார்கள்.

தமிழை நிறுத்தாதீர்கள். இரண்டு மொழி கேட்டு வளர்வதால் பேச்சுக் குறைபாடு வருவதில்லை. உண்மையான குறைபாடு என்றால் தமிழிலும் தெரியும். ஆங்கிலம் போதாததை மட்டும் வைத்துக் குறைபாடு என்று முடிவு கட்டவும் சட்டம் விடாது. அப்புறம், பள்ளியோடு நடக்கும் ஐ.இ.பி. மீட்டிங்கில் உங்களுக்கு மொழிபெயர்ப்பாளர் தேவையென்றால் பள்ளிதான் இலவசமாக ஏற்பாடு செய்ய வேண்டும். முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். மூத்த பிள்ளையைக் கூட்டிப்போய் மொழிபெயர்க்க வைக்க வேண்டாம்.

மீட்டிங்கிலேயே கையெழுத்துக் கேட்கிறார்கள்.

வந்ததற்கு அடையாளமாகக் கையெழுத்துப் போடலாம். சம்மதத்துக்கு, "வீட்டில் படித்துவிட்டுத் தருகிறேன்" என்று சொல்லுங்கள். முதல் ஐ.இ.பி. என்றால் நீங்கள் சம்மதிக்காமல் சேவையே தொடங்க முடியாது.

படிக்கும்போது இலக்குகளைப் பாருங்கள். "வாசிப்பில் முன்னேறுவாள்" என்பது இலக்கே இல்லை. "இப்போது நிமிடத்துக்கு 40 சொல் சரியாக வாசிக்கிறாள், வருட முடிவில் 75" என்றிருந்தால் அளக்கலாம். ஸ்பீச் தெரபிக்கு நேராக "தேவைக்கேற்ப" என்றிருந்தால் விடாதீர்கள். வாரத்துக்கு எத்தனை முறை, எத்தனை நிமிடம், தனியாகவா குழுவிலா, எல்லாம் எழுத்தில் வர வேண்டும்.

நாங்கள் எச்1பி. கேட்கலாமா?

தாராளமாக. விசா வகை பார்த்து இது தரப்படுவதில்லை.

வருட நடுவில் நியூஜெர்சியிலிருந்து டெக்சஸ் போகிறோம் அண்ணி, முதலிலிருந்து தொடங்கணுமா?

புதுப் பள்ளி தன் முடிவை எடுக்கும்வரை, பழைய ஐ.இ.பி.யில் உள்ளதற்கு இணையான சேவையைத் தர வேண்டும். அவர்கள் புதிதாக இவாலுவேஷன் செய்யலாம், அதுவரை சும்மா உட்கார வைக்கக் கூடாது. பழைய பள்ளி ஃபைல் அனுப்பும் என்று காத்திருக்காமல், ஐ.இ.பி., கடைசி இவாலுவேஷன் ரிப்போர்ட் இரண்டின் நகலையும் கையோடு கொண்டுபோய்ச் சேர்க்கும் அன்றே கொடுத்துவிடுங்கள்.