அப்பா சொல்லும் மெசின் கதை

கேள்வி: போன மாதம் எங்கள் அம்மா 71 வயதில் காலமானார். வருகிற கிழமை முப்பத்தோராம் நாள். கனடாவில் இருக்கும் பெரியண்ணா காசு அனுப்பி, கல்வெட்டை (முப்பத்தோராம் நாளுக்குக் கொடுக்கும் நினைவுப் புத்தகத்தை) 300 பிரதி, கலரில் அடிக்கச் சொல்கிறார். வாழ்க்கை வரலாறு எழுதும் பொறுப்பு என் தலையில். சண்டைக்கால இடம்பெயர்வில் படங்கள் எல்லாம் போய்விட்டன. அடையாள அட்டைப் படம்தான் மிச்சம். அம்மா வீட்டோடு இருந்தவர், எழுதப் பெரிதாக ஒன்றும் இல்லை. அப்பாவைக் கேட்டும் பிரயோசனமில்லை. எந்நேரமும் அந்த இடம்பெயர்வில் தருமபுரத்தில் விட்டுவிட்டு வந்த தையல் மெசினைப் பற்றியே கதைக்கிறார். செத்தவீட்டுக்கு வந்தவர்களிடமும் அதையே சொல்ல, வெட்கமாகிப் போய்ச் சின்னண்ணா அவரை உள்ளே போய்ப் படுக்கச் சொல்லிவிட்டார். மூத்த மகனுக்கு ஏ.எல். (உயர்தர) சோதனையும் நெருங்குகிறது, எனக்கு நேரமில்லை. நல்ல மனைவியாக, தாயாக, அம்மம்மாவாக வாழ்ந்தவரைப் பற்றி எழுத ஒரு மாதிரிக் கட்டுரை தருவீர்களா?
— ஒரு மகள், அக்கராயன், கிளிநொச்சி

பதில்: தரமாட்டேன், பிள்ளை. மாதிரி வேண்டுமென்றால் அச்சகத்திலேயே அடுக்கி வைத்திருப்பார்கள். பெயரையும் ஊரையும் மாற்றினால் போதும், எந்த அம்மாவுக்கும் பொருந்தும். உம்முடைய அம்மாவுக்கும் பொருந்தும். அதுதான் அதில் உள்ள கோளாறு.

உமது கடிதத்தில் அம்மாவைப் பற்றி ஒரேயொரு உண்மையான செய்தி இருக்கிறது. அது அப்பா சொன்ன மெசின் கதை. அதைத்தான் நீர் வெட்கம் என்று எழுதியிருக்கிறீர்.

வீட்டோடு இருந்தவர், எழுத ஒன்றும் இல்லை என்கிறீர். அப்படியானால் அந்த வீட்டில் தையல் மெசின் எதற்கு இருந்தது? சீதனமாக வந்ததா, சீட்டுக் காசில் வாங்கியதா? தொண்ணூறுகளில் வன்னியில் கரண்ட் இல்லை. மண்ணெண்ணெயைச் சொட்டுச் சொட்டாகக் கணக்குப் பார்த்து ஜாம் போத்தல் விளக்கில் ஊற்றிய காலம். அந்த வெளிச்சத்தில் ஊசியில் நூல் கோத்து ஊராருக்குச் சட்டை தைத்தவரா உமது அம்மா? நீங்கள் பள்ளிக்கூடத்துக்குப் போட்டுப் போன வெள்ளைச் சட்டையைத் தைத்தது யார்? இதற்கெல்லாம் பதில் தெரிந்த ஒரே மனிதரை உள்ளே படுக்க அனுப்பிவிட்டு, என்னிடம் மாதிரிக் கட்டுரை கேட்கிறீர்.

இன்னொன்று. மூத்தவனுக்கு ஏ.எல். என்று எழுதியிருக்கிறீர். கணக்குப் போட்டுப் பார்த்தேன். 2008 கடைசியில் சண்டை அக்கராயனுக்கு வந்தபோது அவன் கைக்குழந்தையாக இருந்திருக்க வேண்டும். பரந்தன் தாண்டித் தருமபுரம் வரைக்கும் மெசினைக் கொண்டு வந்திருக்கிறார்கள். பலரும் செய்த மாதிரிக் காலைக் கழற்றி வீட்டிலே விட்டுவிட்டு, தலையை மட்டும் சாக்கில் சுற்றிச் சைக்கிள் கரியரில் கட்டியிருப்பார்கள். அந்த இரும்பு என்ன பாரம் என்று தூக்கினவருக்குத் தெரியும். அவ்வளவு தூரம் கொண்டு வந்ததை அங்கே ஏன் விட்டார்கள்? விடச் சொன்னது யார்? விசுவமடு, சுதந்திரபுரம், மாத்தளன் என்று பிறகும் ஓடினீர்களே, அந்தக் கரியரில் மெசின் இருந்த இடத்தில் யார் இருந்து போனது?

எனக்குத் தெரியாது. உமக்குத் தெரியவேண்டும். தெரியாவிட்டால் இவ்வளவு காலமாக நீர் கேட்கவில்லை என்று அர்த்தம். அப்பா சும்மா புலம்பவில்லை. ஒரே கதையைத் திரும்பத் திரும்பச் சொல்கிறவர்களுக்கு அந்தக் கதையின் முடிவைச் சொல்ல ஆள் கிடைப்பதில்லை. இரண்டு வசனம் வந்ததும் நாங்கள் எழும்பிப் போய்விடுகிறோம்.

சின்னண்ணாவைப் பற்றியும் சொல்லவேண்டும். மனைவியின் செத்தவீட்டில் புருசனை வாயை மூடச் சொல்ல எந்தப் பிள்ளைக்கும் உரிமையில்லை. பந்தல் போட்டதும் பறை பிடித்ததும் நீங்களாக இருக்கலாம். துக்கத்தில் முதல் பங்கு அவருடையது.

சரி, செய்யவேண்டியதைச் சொல்கிறேன். தேவாரம், திதி வெண்பா, வம்ச வரிசை, நன்றி நவிலல் எல்லாம் இன்றைக்கே அச்சுக்குப் போகட்டும். நடுவில் நாலு பக்கத்தை விட்டுவைக்கச் சொல்லும். அடையாள அட்டைப் படத்தைக் கம்பியூட்டரில் பெருப்பித்து, பட்டுச்சேலையும் அட்டியலும் போட்டுத் தருகிறோம் என்பார்கள், சம்மதியாதேயும். பேரப்பிள்ளைகளுக்கே அடையாளம் தெரியாத ஓர் அம்மம்மாவை 300 வீட்டுக்குக் கொடுத்து என்ன பயன்?

பிறகு மூத்தவனைக் கொப்பியோடு உமது அப்பாவிடம், அவனுடைய அம்மப்பாவிடம் அனுப்பும். நீர் போகவேண்டாம், உம்மைக் கண்டால் அவர் மழுப்புவார். சோதனைக்கு ஒரு பின்னேரம் குறைந்தால் குடி முழுகிவிடாது. ‘அம்மம்மா எப்படிப்பட்டவர்’ என்று கேட்டால் ‘நல்ல மனுசி’ என்று இரண்டு சொல்லில் முடித்துவிடுவார். ஒரு சட்டைக்கு அம்மம்மா எவ்வளவு வாங்கினவ, காசு தராமல் இழுத்தடித்தது யார், மெசினோடு சேர்த்துத் தைக்கக் கொடுத்த ஆட்களின் துணியும் தருமபுரத்தில் போனதா, அதற்குப் பிறகு அவர்களிடம் என்ன சொன்னவ என்று கேட்கட்டும். அவர் சொல்கிற சொல்லிலேயே எழுதட்டும். ‘பாசத்தின் சிகரம்’ என்று நீர் குறுக்கே திருத்தாதேயும்.

அப்பா இதை அச்சில் போடவேண்டாம் என்றால் போடாதேயும், அந்த நாலு பக்கத்தை வெறுமையாகவே விடலாம், பெரியண்ணா கோபித்தால் கோபிக்கட்டும். ஆனால் கேட்கத்தான் வேண்டும். சின்னண்ணாவுக்கும் இப்போதே சொல்லிவையும்: முப்பத்தோராம் நாள் பந்தியில் அப்பா அந்தக் கதையைத் தொடங்கினால், அவர் முடிக்கும்வரை வீட்டுக்காரர் ஒருவரும் எழும்பக்கூடாது.