பாட்டிக்கு எழுதிய நான்கு பக்கம்

அம்மா, நீங்களும் உங்கள் கணவரும் மகளோடு வந்து, அவளை எந்தப் படிப்பில் சேர்ப்பது என்று ஒரு மணி நேரம் பேசினீர்கள். அதில் முக்கால்வாசி அவளுடைய பெரியப்பாவைப் பற்றியே. கணிப்பொறிப் பொறியியல்தான் படிப்பு என்கிறார், தன் மகன் அதைப் படித்துத்தான் தலையெடுத்தான் என்கிறார், கடன் வாங்கியாவது சேர்த்துவிடு என்கிறார். "கவலைப்படாதீர்கள்" என்று சொல்லி உங்களை அனுப்பிவைத்தேன். அது ஒப்புக்குச் சொன்னது. சொல்ல வேண்டியதை இப்போது சொல்கிறேன்: அந்தக் கடனை வாங்காதீர்கள்.

அவளுக்குக் கணிப்பொறி பிடிக்கும், சரி. ஆனால் நிரல் எழுத உட்கார்ந்தால் அரை மணியில் எழுந்துவிடுகிறாள் என்று நீங்களேதான் சொன்னீர்கள். நான்கு ஆண்டுகள் அதையே செய்யச் சொன்னால், வட்டி கட்டப்போவது நீங்கள், தவறிய பாடத்தைத் திரும்ப எழுதப்போவது அவள். பெரியப்பா இரண்டிலும் பங்கு கேட்க மாட்டார்.

நீங்கள் பேசிக்கொண்டிருந்தபோது அவள் ஒரு நோட்டை என் பக்கம் தள்ளினாள், கவனித்தீர்களா? வீடியோ அழைப்பில் பேசுவதற்காகப் பாட்டிக்கு எழுதிக் கொடுத்த நான்கு பக்கங்கள். "பச்சை வட்டத்தைத் தொடு. அழுத்த வேண்டாம்." அதன் கீழே, "திரை இருட்டானால் பயப்படாதே, தூங்குகிறது." ஓரிடத்தில் "கேமரா" என்று எழுதியதை அடித்துவிட்டு, "உன் முகம் தெரியும் பக்கத்தில், மேலே இருக்கும் சின்னக் கண்" என்று மாற்றியிருந்தாள். ஏன் என்று கேட்டேன். பாட்டி போனைத் திருப்பிப் பிடித்து, பின்பக்கக் கேமராவைப் பார்த்துப் பேசினாராம். அந்த ஒரு அடித்தல் திருத்தலுக்காகவே பணம் தரும் தொழில் ஒன்று இருக்கிறது.

தொழில்நுட்ப எழுத்து என்று அதற்குப் பெயர். புதிதாக முளைத்ததில்லை. பினாக் என்ற ஆரம்பகாலக் கணிப்பொறிக்கு 1949இலேயே ஜோசப் சேப்ளின் என்பவர் கையேடு எழுதினார். அமெரிக்கப் பத்திரிகையாளர் வால்ட் மாஸ்பெர்க் 1991இல் வால் ஸ்ட்ரீட் ஜர்னல் நாளிதழில் கணிப்பொறி பற்றிய பத்தி தொடங்கியபோது, கணிப்பொறி படுத்தும் பாட்டுக்குக் காரணம் நீங்கள் இல்லை என்று வாசகர்களிடம் முதல் வரியிலேயே சொன்னார். இருபது ஆண்டுகளுக்கு மேல் அந்தச் சாதாரண வாசகர்களுக்காகவே எழுதினார்.

சொந்தமாக இதைச் செய்பவருக்கு ஒரு மாதம் போல் இன்னொரு மாதம் இருக்காது. ஒரு வாரம் கணக்கு மென்பொருளுக்கு உதவிப் பக்கங்கள். அடுத்த வாரம் பத்திரிகையில் கடவுச்சொல் பற்றிக் கேள்வி பதில். நடுவில் முதியவர்களுக்கு ஒரு வகுப்பு, காணொளிக்கு உரை, ஒரு செயலியின் பொத்தான்களில் என்ன சொல் இருக்க வேண்டும் என்ற ஆலோசனை. தமிழில் எழுதுபவருக்குத் தனிச் சிக்கல்களும் உண்டு. "கோப்பைத் திறக்கவும்" என்று நான் ஒருமுறை எழுதிக் கொடுக்க, படித்த பெரியவர் மேசையில் காப்பிக் கோப்பையைத் தேடினார். அன்றிலிருந்து நான் "ஃபைலை" என்றே எழுதுகிறேன். தூய தமிழ் அன்பர்கள் மன்னிக்க வேண்டும்.

இயந்திரமே இப்போது எழுதித் தருகிறதே என்று உங்கள் கணவர் கேட்டார். நல்ல கேள்வி. பொத்தான் பெயர்களை வரிசையாகக் கோத்துத் தரும் வேலை மெலிந்துகொண்டுதான் வருகிறது. ஆனால் இயந்திரம் எழுதியதை நிஜப் போனில் ஒவ்வொரு படியாகச் செய்துபார்த்து, ஆறாவது படியில் அது சொல்லும் பொத்தானே இல்லை என்று கண்டுபிடிக்க ஆள் வேண்டும். பாட்டியின் பின்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்று, வாய் திறக்காமல், அவர் எங்கே தயங்குகிறார் என்று பார்க்கவும் ஆள் வேண்டும். உங்கள் மகளுக்கு அந்தப் பொறுமை இருக்கிறது.

பணத்தில் நான் கறார். முதல் இரண்டு மூன்று ஆண்டுகள் வருமானம் ஏறி இறங்கும். அதனால் எடுத்த எடுப்பில் தனியாக இறங்க வேண்டாம்; ஒரு நிறுவனத்தில் சம்பளத்துக்கு எழுதிப் பழகட்டும். ஆறு மாதச் செலவுக்குப் பணம் கையில் சேராமல் வேலையை விடக் கூடாது. ஒரே வாடிக்கையாளரை நம்பியும் இருக்கக் கூடாது. எழுத்துக்கு உரிமை யாருக்கு, எத்தனை முறை திருத்தித் தர வேண்டும், பணம் எந்தத் தேதியில் வரும் என்பதெல்லாம் தாளில் இருக்க வேண்டும். தெரிந்தவர்தானே என்று வாய்ப்பேச்சை நம்பி ஒரு கையேட்டின் கூலியை நான் முழுதாக இழந்திருக்கிறேன்.

பட்டம் வேண்டாம் என்று சொல்லவில்லை. கட்டணம் குறைந்த, அவளுக்குப் பிடித்த எந்தப் பட்டமும் போதும்; மொழியானாலும் சரி, அறிவியலானாலும் சரி. கூடவே கூகுள் இணையத்தில் இலவசமாக வைத்திருக்கும் தொழில்நுட்ப எழுத்துப் பாடங்களை முடிக்கட்டும். தலைப்பு, பட்டியல் போன்றவற்றை எளிய குறிகளால் அமைக்கும் மார்க்டவுனைக் கற்க ஒரு நாள் போதும்; ஃபைலில் யார் எதை மாற்றினார் என்று கணக்கு வைக்கும் கிட் கொஞ்சம் படுத்தும். ஃபயர்ஃபாக்ஸ் என்ற இணைய உலாவியின் உதவிப் பக்கங்களையும் லிப்ரெஆஃபிஸ் என்ற இலவச அலுவலக மென்பொருளின் கையேடுகளையும் எழுதுவதில் தன்னார்வலர்களுக்குப் பெரும் பங்கு உண்டு. அங்கே போய் நான்கைந்து கட்டுரைகளைத் திருத்தட்டும். வேலை கேட்கும்போது மதிப்பெண் பட்டியலோடு காட்ட அவை இருக்கும். ஓராண்டு கழித்தும் ஆசை அப்படியே இருக்கிறதா என்று அவளிடம் கேளுங்கள். பெரியப்பாவிடம் வேண்டாம்.

அடுத்த முறை வரும்போது அந்த நோட்டைக் கொண்டுவரச் சொல்லுங்கள். நான்காம் பக்கத்தில் ஒரு படி விட்டுப்போயிருக்கிறது: பேசி முடித்த பிறகு அழைப்பை எப்படித் துண்டிப்பது என்று பாட்டிக்கு அவள் எழுதவே இல்லை.